25,000 ரூபாய்க்குள் 43 இஞ்ச்: கூடத்து டிவி எது, ராத்திரி படம் பார்க்க எது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கையில் 25,000 ரூபாய். 43 இஞ்ச், 4கே, இரண்டு டிவிகள்வரை வடிகட்டி வைத்திருக்கிறீர்கள். ஒன்றில் விஏ பேனல், இன்னொன்றில் ஐபிஎஸ் பேனல் (பேனல் என்பது படம் தெரியும் திரைப் பலகை, விஏவும் ஐபிஎஸ்ஸும் அதில் இரண்டு வகை). விலையில் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். பகலெல்லாம் அப்பா அம்மா சீரியலும் கிரிக்கெட்டும் பார்ப்பார்கள், ராத்திரி நீங்கள் ஓடிடியில் படம் பார்ப்பீர்கள், ஞாயிற்றுக்கிழமை தம்பி பிஎஸ்4 விளையாடுவான். எதை வாங்குவது?

இந்த இரண்டு வகையும் எங்களிடம் இருக்கின்றன. வசதி வந்து இரண்டு வாங்கவில்லை. முதலில் வாங்கியதைத் தப்பான இடத்தில் மாட்டிவிட்டேன், அதனால் இரண்டானது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவுக்கு ஆன்லைனில் ஒரு விஏ பேனல் டிவி வாங்கினேன். யூடியூபில் பார்த்த விமர்சனம் எல்லாம் "கருப்பு அப்படியே கருப்பா இருக்கு" என்று சத்தியம் செய்தன. மாட்டிய அன்றைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பிரமாதம். ஊர் திரும்பிய இரண்டாம் நாள் அம்மாவிடமிருந்து போன்: "என்னடா, எல்லாரும் மூஞ்சில பவுடர் அப்பின மாதிரி இருக்காங்க?" கலரைக் கூட்டச் சொன்னேன், குறைக்கச் சொன்னேன், பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பி பிக்சர் மோடை மாற்றச் சொன்னேன். பவுடர் போகவில்லை.

அடுத்த முறை போனபோதுதான் விஷயம் பிடிபட்டது. அம்மா டிவிக்கு நேர் எதிரே உட்காருகிற ஆளே இல்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் நிலைப்படியோரம் அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு, காய் நறுக்கியபடியே தலையைப் பக்கவாட்டில் திருப்பித்தான் பார்ப்பார். நானும் அதே இடத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். கதாநாயகி கட்டியிருந்த அரக்குப் பட்டு வெங்காயத்தோல் நிறத்தில் இருந்தது. எழுந்து நேர் எதிரே போனால் மறுபடி அரக்கு.

காரணம் இதுதான். இரண்டுமே எல்சிடி டிவிகள்தான். பின்னால் எல்இடி விளக்கு, அதற்கு முன்னால் வெளிச்சத்தைத் திறந்து மூடும் திரவப் படிகங்கள். விஏ வகையில் மின்சாரம் இல்லாதபோது அந்தப் படிகங்கள் திரைக்குச் செங்குத்தாக நிற்கும், வெளிச்சத்தை நன்றாக அடைத்துவிடும். அதனால் கருப்பு ஆழமாக வரும். வெளிச்சம் விடும்போது சாய்வதால், பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு வேறு அளவு வெளிச்சம் போய்ச் சேரும், நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் வகையில் படிகங்கள் திரைக்கு இணையாகப் படுத்தபடியே திரும்பும். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நிறம் பெரிதாக மாறாது. ஆனால் முழுசாக அடைக்காது, கொஞ்சம் வெளிச்சம் கசியும். கான்ட்ராஸ்ட் கணக்கில், அதாவது வெள்ளை கருப்பைவிட எத்தனை மடங்கு வெளிச்சம் என்பதில், ஐபிஎஸ் சுமாராக 1000க்கு 1, விஏ 3000க்கு 1 முதல் 5000க்கு 1 வரை. அதாவது ஒரே பிரகாசத்தில் விஏவின் கருப்பு மூன்று முதல் ஐந்து மடங்கு ஆழம்.

அந்த விஏ டிவியைக் கழற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து என் படுக்கையறையில் மாட்டினேன். அம்மாவுக்கு ஒரு ஐபிஎஸ் வாங்கினேன். பவுடர் புகார் அன்றோடு தீர்ந்தது. ஆனால் தீபாவளிக்குப் போயிருந்தபோது, எல்லாரும் தூங்கியபிறகு கூடத்து விளக்கை அணைத்துவிட்டு அதில் ஒரு பேய்ப் படம் போட்டேன். படத்துக்கு மேலும் கீழும் வரும் கருப்புப் பட்டை, டஸ்டரால் துடைத்த கரும்பலகை மாதிரி சாம்பல் பூத்து நின்றது. பேய் வருவதற்கு முன்னாலேயே அதன் நிழல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது! விளக்கைப் போட்டதும் அந்தச் சாம்பல் அவ்வளவாக உறுத்தவில்லை. அறை வெளிச்சம் திரையில் பட்டால் விஏவின் கருப்பும்தான் வெளுக்கிறது, வித்தியாசம் சுருங்கிவிடுகிறது.

ஆகவே உங்கள் வீட்டில் பார்க்க வேண்டியது, யார் எங்கே உட்காருகிறார்கள், எந்த நேரத்தில் பார்க்கிறார்கள் என்பதைத்தான். நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால், டிவி கூடத்தில் இருக்கப்போகிறது, பகலில் ஐந்தாறு மணி நேரம் ஓடும், ஆளாளுக்கு ஒரு மூலையில் இருப்பார்கள். ஐபிஎஸ் வாங்குங்கள். ராத்திரி உங்களுக்கு டிவிக்குப் பின்னால் ஒரு ஜீரோ வாட் பல்பு போதும். சுவரில் மெல்லிய வெளிச்சம் இருந்தால் கண்ணுக்குச் சாம்பல் கருப்பாகத் தெரியும். கண்ணை ஏமாற்றுவதுதான், ஆனால் ஐம்பது ரூபாயில் முடிகிற ஏமாற்று. மாறாக, டிவி உங்கள் அறைக்குப் போகிறது, கட்டிலிலிருந்து நேராகப் பார்ப்பது நீங்கள் ஒருவர்தான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு விஏ.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த விலையில் பல கம்பெனிகள் எந்த பேனல் என்பதை விவரப் பக்கத்தில் எழுதுவதே இல்லை. ஒரே மாடல் எண்ணில் இந்த லாட்டுக்கு ஒரு பேனல், அடுத்த லாட்டுக்கு வேறு பேனல் என்று வருவதும் உண்டு. அதனால் கடைக்கே போய்ப் பாருங்கள். எதிரே நிற்காதீர்கள், பக்கவாட்டில் நாலடி நகர்ந்து, ஒரு முறை உட்கார்ந்தும் பாருங்கள். மனித முகம் வரும் காட்சியாக இருக்கட்டும். கடையில் ஓடும் கிளியும் பூவும் எதையும் காட்டிக்கொடுக்காது. அந்த டெமோ மோடில் பிரகாசமும் கலரும் உச்சத்தில் இருக்கும், அதையும் ஹோம் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடுத்து 4கே, அதாவது ஃபுல் எச்டியைப் போல நாலு மடங்கு புள்ளிகள் உள்ள திரை. இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். 43 இஞ்ச் திரையின் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். ஃபுல் எச்டியில் அதற்குள் 1920 புள்ளிகள், ஒன்று கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ளவர் அந்தப் புள்ளியைப் பிரித்துப் பார்க்க சுமார் ஐந்தரை அடிக்குள் இருக்க வேண்டும். உங்கள் சோபா பத்தடியில் என்றால் 4கேவும் ஃபுல் எச்டியும் கண்ணுக்கு ஒன்றுதான். இப்போது 43 இஞ்சில் பெரும்பாலும் 4கேதான் கிடைக்கிறது, அதனால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காக எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் அப்பா அம்மாவைப் பொறுத்தவரை 4கே கொஞ்சம் எதிரி என்றுகூடச் சொல்வேன். கேபிளில் வரும் சாதாரண எஸ்டி சேனலில் இருப்பது அதிகபட்சம் 720 x 576, சுமார் 4 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் இருப்பது சுமார் 83 லட்சம். ஒரு புள்ளியை டிவி இருபதாக இழுத்துப் பரப்ப வேண்டும். பழைய குண்டு டிவியில் பளிச்சென்று இருந்த சேனல் புது டிவியில் ஏன் கலங்கலாகத் தெரிகிறது என்று வீட்டுக்கு வீடு கேட்பதன் காரணம் இதுதான். டிவி மேல் பழி போட்டுப் பயனில்லை. அவர்கள் அதிகம் பார்க்கும் நாலைந்து சேனலை மட்டும் எச்டியில் எடுத்துக் கொடுங்கள். மாதம் கொஞ்சம் கூடும், ஆனால் பேனலை மாற்றுவதைவிட இதில்தான் பெரிய மாற்றம் தெரியும்.

எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் இன்னும் விரிந்து தெரியும் படம்) என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பார்கள். இந்த விலை டிவிகளின் பிரகாசம் பெரும்பாலும் 250 முதல் 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). எச்டிஆர் படங்களைப் பொதுவாக 1000 நிட்ஸ் அளவை மனதில் வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். சிக்னலை டிவி ஏற்றுக்கொள்ளும், காட்டத் தெம்பு இருக்காது. அதை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

தம்பியின் பிஎஸ்4க்கு இரண்டுமே போதும். இரண்டிலும் பேனல் 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 முறை படம் மாறும், பெட்டியில் 120 என்று ஏதாவது எழுதியிருந்தாலும் எச்டிஎம்ஐ வழியே 120 வாங்குமா என்று கேட்டால் இந்த விலையில் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். கேம் மோடைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அது இல்லாமல் விளையாடினால் பட்டன் அழுத்தியதற்கும் ஆள் குதிப்பதற்கும் நடுவில் இடைவெளி தெரியும். விஏவில் இருட்டான காட்சிகளில் நகரும் உருவத்துக்குப் பின்னால் மை இழுத்த மாதிரி லேசான தடம் வரும். என் அறை டிவியில் இருக்கிறது, பழகிவிட்டது.

சத்தத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். இரண்டு டிவியிலும் 20 வாட்ஸ் ஸ்பீக்கர் என்று போட்டிருக்கும், இரண்டும் தரையைப் பார்த்துப் பேசும். வயதானவர்களுக்கு வசனம் புரியாமல் வால்யூமை ஏற்றுவார்கள், பின்னணி இசை வீட்டையே அதிரவைக்கும். சவுண்ட் செட்டிங்கில் வசனத்தை மட்டும் தூக்கிக்காட்டும் மோடு இருந்தால் அதைப் போட்டுக் கொடுங்கள். பின்னால் சவுண்ட்பார் வாங்குவதாக இருந்தால் எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றில் ஏஆர்சி (டிவியின் சத்தத்தை அதே ஒயரில் சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

மென்பொருளில் கூகுள் டிவியோ வேறு ஏதோ, 2 ஜிபி ராமுக்குக் குறைவாக இருந்தால் ஒரு வருஷத்தில் நொண்டும். அப்போது ஓடிடி பார்க்க ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிச் செருகிக்கொள்ளலாம், ஆகவே இதுவும் முடிவை மாற்றுகிற விஷயம் இல்லை. ஆனால் ஆன் செய்ததும் கடைசியாகப் பார்த்த இன்புட்டிலேயே திறக்கும்படி வைக்க முடிகிறதா என்பது முக்கியம். முடியாவிட்டால் தினமும் காலையில் "டிவில நம்ம சேனல காணோம்" என்று உங்களுக்குப் போன் வரும். எனக்கு வந்தது.

பழைய விமர்சன வீடியோவில் சொல்லும் விலையை நம்ப வேண்டாம். 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். வாரண்டி, சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலேயே இருக்கிறதா என்று விசாரியுங்கள். பேனல் உடைந்தால் அதை மாற்றும் செலவு கிட்டத்தட்ட புது டிவியின் விலைக்கு வந்து நிற்கும். அம்மா வீட்டு டிவியில் ஒரு போர்டு போனதற்கு, கம்பெனி பெயர் வேண்டாம், தஞ்சாவூரிலிருந்து ஆள் வருவார் என்று சொல்லிச் சொல்லியே ஒன்பது நாள் ஆக்கினார்கள்.

அப்புறம், ஆர்டர் போடும் முன் உங்கள் செட்டாப் பாக்ஸைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று துளை மட்டும்தான் இருக்கிறது, எச்டிஎம்ஐ இல்லை என்றால், புது டிவியில் அந்த ஒயரை நேராகச் செருக இடம் இல்லாமல் போகலாம். பல டிவிகளில் அதற்குச் சின்னதாக ஒரு ஏவி துளையும் தனி ஒயரும்தான் இருக்கும், அந்த ஒயர் பெட்டிக்குள் வராமலும் போகலாம். எங்கள் வீட்டில் டிவி வந்து, சுவரில் மாட்டி, அந்த ஒயருக்காக இரண்டு நாள் எல்லாரும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.