கார் கேள்வி பதில்: ரீமேப், சவுண்டு சைலன்சர், அகல டயர்... எதுக்கு காசு போடலாம்?

கேள்வி: அண்ணே, செகண்ட் ஹேண்ட்ல போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கியிருக்கேன், 1.2 டர்போ பெட்ரோல், டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஸ்டேஜ் 1 ரீமேப் பண்ணுன்னு ஃப்ரெண்ட்ஸ் ஏத்தி விடுறாங்க. கூடவே ஃபில்டர், சைலன்சர் எல்லாம் மாத்திரலாமா? எதுல ஆரம்பிக்கட்டும்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ரீமேப்னு ஒண்ணு நெசமாவே வேலை செய்யுறது உங்கள மாதிரி டர்போ வண்டியிலதான் தம்பி. டர்போ எவ்ளோ காத்த அமுக்கி உள்ள தள்ளணும் (அதான் பூஸ்ட்), ஸ்பார்க் எப்ப அடிக்கணும், எவ்ளோ பெட்ரோல் போகணும்னு எல்லாம் ஈசியு, அதாவது இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர் முடிவு பண்றது. கம்பெனிக்காரன் எல்லா ஊரு பெட்ரோலுக்கும் எல்லா ஊரு வெயிலுக்கும் தாங்கணுமேன்னு கொஞ்சம் அடக்கித்தான் வச்சிருப்பான், அத பார்ட்ஸ் எதையும் தொடாம சாஃப்ட்வேர்ல மட்டும் அவுத்து விடுறதுதான் ஸ்டேஜ் 1.

ஆனா உங்க வண்டில இன்ஜின் பிரச்சனையே இல்ல, கியர்பாக்ஸ்தான் இடிக்கும். அது டிக்யூ200னு சொல்ற ஏழு கியர் டிஎஸ்ஜி, 250 நியூட்டன் மீட்டர் டார்க் (இன்ஜின் சுத்துற விசை) வரைக்கும்தான் அதுக்கு கணக்கு. கம்பெனி செட்டிங்ல உங்க இன்ஜின் தர்றது 175. ரீமேப் போடுறவங்க 230 பக்கம் கொண்டு போயிருவோம்பாங்க, 250க்குள்ளதானே இருக்குன்னு தோணும், ஆனா அது ட்ரை கிளட்ச், ஆயில்ல முங்கி நிக்கிற கிளட்ச் கிடையாது, அதனால காந்திபுரத்துல சாயங்காலம் ஆறு மணிக்கு ஊர்ந்து ஊர்ந்து போறப்போ ஏறுற சூடு சீக்கிரம் இறங்காது, அந்த சூட்டுல சிக்னல் விழுந்ததும் முழு டார்க்கையும் அமுக்குனா தேயுறது கிளட்ச் பிளேட்டு, அந்த பில்லு வந்தா ரீமேப்புக்கு குடுத்த காசு சில்லறையா தெரியும். அதனால மேப் போடுறவர்கிட்ட "கீழ் ஆர்பிஎம்ல டார்க்க கட்டி வைங்க, மேல மட்டும் ஏத்துங்க"ன்னு சொல்லுங்க. அப்படியெல்லாம் பண்ண முடியாதுன்னா அந்தக் கடை வேணாம், அடுத்த கடை பாருங்க.

போறதுக்கு முன்னாடி ஸ்பார்க் பிளக், காயில் ரெண்டும் நல்லா இருக்கான்னு பாத்துக்கங்க. உங்களுது டைரக்ட் இன்ஜெக்ஷன், பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள அடிக்கிறதால வால்வ கழுவி விட ஆளில்லாம இன்டேக் வால்வுல கார்பன் படியும், பழைய வண்டின்னா அதையும் ஒருக்கா பாக்கச் சொல்லுங்க. அப்புறம் எல்லாரும் "எவ்ளோ எச்பி ஏறும்"னு கேக்குறாங்க, அத கேக்காதீங்க, யாரு வேணா என்ன நம்பர் வேணா சொல்லலாம். ரீமேப்புக்கு முன்னாடி ஒரு லாக் (ஓடுறப்போ இன்ஜின் தர்ற அளவுகளோட பதிவு), பின்னாடி ஒரு லாக், மூணாவது கியர்ல ஃபுல்லா அமுக்கி எடுத்தத காட்டச் சொல்லுங்க. அதுல நாக் (பெட்ரோல் சிலிண்டருக்குள்ள தப்பா வெடிச்சு தட்டுறது) வந்து ஈசியு ஸ்பார்க் டைமிங்க பின்னாடி இழுக்குதுன்னா அந்த மேப் உங்க பெட்ரோலுக்கும் உங்க ஊரு வெயிலுக்கும் ஒத்து வரலன்னு அர்த்தம். 95 ஆக்டேன் (நாக் வராம தாங்குற அளவு) பெட்ரோலுக்கு போட்ட மேப்னா ஒவ்வொரு தடவையும் 95தான், மாசக் கடைசின்னு கம்மி ஆக்டேன் ஊத்துற வேலை ஆகாது. ஒரிஜினல் ஃபைல ஒரு காப்பி கையில வாங்கி வச்சுக்கங்க, சர்வீஸ் சென்டர்ல அப்டேட் போட்டாங்கன்னா உங்க மேப் அழிஞ்சிரும், அவங்க கம்ப்யூட்டர்ல ரீமேப் பண்ணுனதும் தெரிஞ்சிரும், வாரண்டி பாக்கி இருந்தா அதோட போச்சு.

ஃபில்டருக்கு, கம்பெனி டப்பாவுக்குள்ளயே உக்கார்ற மாதிரி காட்டன் ஃபில்டர் போதும். பாக்ஸ கழட்டிட்டு கோன் ஃபில்டர் மாட்டுனா பானெட்டுக்குள்ள இருக்கிற கொதிக்கிற காத்த இழுக்கும், டர்போ வண்டிக்கு அது நஷ்டம், சவுண்டு மட்டும் நல்லாருக்கும். புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர தூக்கிட்டு வெறும் பைப்பா டவுன்பைப் போடுறது பக்கமே போகாதீங்க. மாத்துன வண்டிய ஓட்டிப் பாக்க ஆசையா இருந்தா செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, அவினாசி ரோடு அதுக்கு இல்ல.

கேள்வி: ஸ்டீயரிங்குக்கு கீழ மெக்கானிக் ஸ்கேனர் மாட்டுற ஓபிடி சாக்கெட்ல சொருகுனா பவரும் மைலேஜும் ஏறும்னு ஆன்லைன்ல ஒரு சின்ன டப்பா விக்கிறாங்களே, வாங்கலாமா?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: வேணாம்மா. அந்த டப்பாவ பிரிச்சுப் பாத்தவங்க உள்ள கண்டதெல்லாம் மினுக்கு மினுக்குன்னு எரியுற எல்இடிய ஓட்டுற சர்க்யூட்டுதான். டயர்ல காத்து கரெக்டா வைங்க, மைலேஜ் அதுலயே கிடைக்கும்.

கேள்வி: ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல், 165/80 ஆர்14 டயர். 205/50 ஆர்16 அலாய் போட்டு சவுண்டு சைலன்சரும் வச்சா பிக்அப் ஏறுமா சார்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ஏறாது, கொறையும். அந்த 1.2 டர்போ இல்லாத இன்ஜின், சைலன்சர் மாத்துனா பக்கத்து தெரு வரைக்கும் கேக்கும், அவ்ளோதான், சில சமயம் கீழ இருக்கிற இழுவையும் போயிரும். வீல் வெயிட்டு கூடுனா வண்டி நகர்றதுக்கே இன்ஜின் கஷ்டப்படும். டயர் உயரம் பெருசா மாறல, உங்க பழசு சுமார் 620 மில்லிமீட்டர், புதுசு 611, ஸ்பீடோமீட்டர் பெருசா பொய் சொல்லாது. ஆனா டயரோட பக்கவாட்டுச் சுவர் 132 மில்லிமீட்டர்ல இருந்து 102க்கு இறங்கிருது. நம்ம ஊர்ல பைப் போட தோண்டிட்டு அரைகுறையா மூடுன ரோட்டுல ஒரே ஒரு குழி போதும், டயர் வீங்கும், அலாய் வளையும்.

அதே ஸ்விஃப்ட்ல இசட்எக்ஸ்ஐக்கு கம்பெனியே 185/65 ஆர்15 குடுத்துச்சு, உயரம் 621, கிட்டத்தட்ட உங்க பழைய டயர்தான். அதுல நல்ல டயரா நாலு போடுங்க, வளைவுலயும் பிரேக்லயும் வித்தியாசம் அன்னைக்கே தெரியும். மீதிக் காசுல பிரேக் ஆயில் மாத்துங்க, யாரும் அத கேக்கவே மாட்டேங்கிறீங்க. அது காத்துல இருக்கிற ஈரத்த உறிஞ்சுற சரக்கு. டாட் 4னு டப்பால போட்டிருக்கிற புது பிரேக் ஆயில் குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம நிக்கணும், ஈரம் ஏறுனா 155 வரைக்கும் இறங்கலாம். கொடைக்கானல்ல இருந்து பிரேக்க மிதிச்சுக்கிட்டே இறங்குறப்போ பெடல் பஞ்சு மாதிரி உள்ள போறது அதனாலதான். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திருங்க.

கேள்வி: வண்டி மாடிஃபை பண்ணுனா போலீஸ் புடிப்பாங்களா? ஆர்சில எழுதிக்கிட்டா சரியா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துக்கும் ஆர்சிக்கும் மாறா வண்டிய மாத்தக்கூடாதுங்குது, 2019 ஜனவரில கேரளா கேஸ் ஒண்ணுல சுப்ரீம் கோர்ட்டும் அதையேதான் சொல்லுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் ஃபைன், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்னு போட்டுட்டாங்க. கலர் மாத்துனா, சிஎன்ஜி கிட் வச்சா ஆர்டிஓ ஆபீஸ்ல ஆர்சில ஏத்திக்கலாம். சவுண்டு சைலன்சர ஏத்த வழியே இல்ல, ரோட்டுல மொதல்ல மாட்டுறதும் அதுதான், தூரத்துலயே காட்டிக் குடுத்துரும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்துல சொல்லிருங்க, சொல்லாம விட்டு ஆக்சிடென்ட் ஆச்சுன்னா சர்வேயர் பானெட்ட தொறந்ததும் அதத்தான் மொதல்ல எழுதுவாரு, உங்க வண்டி ரிப்பேர் செலவு உங்க தலையில.

கழட்டுன கம்பெனி சைலன்சர், ஃபில்டர் பாக்ஸ், வீல் எதையும் பழைய இரும்புக்கடைக்கு போட்டுராதீங்க. 15 வருஷம் கழிச்சு எஃப்சிக்கு போறப்போ அதையெல்லாம் திருப்பி மாட்டித்தான் கொண்டு போகணும், புதுசா வாங்கலாம்னு தேடுனா அப்ப அந்த மாடலுக்கு பார்ட்ஸ் கிடைக்காது.