பின்லாந்து மூன்றே மாதத்தில் நேட்டோ பக்கம் போனது எப்படி? ஒரு நாட்டின் பாதுகாப்புக் கொள்கை அவ்வளவு வேகமாக மாறுமா?

மாறாது. அந்த மூன்று மாதத்தில் மாறியது வெளியுறவுக் கொள்கை மட்டும்தான். பின்லாந்தின் பாதுகாப்புக் கொள்கை இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே ஒரே திசையைப் பார்த்துத்தான் நின்றது. 1,340 கிலோமீட்டர் நீளமுள்ள கிழக்கு எல்லையைத் தவிர அதற்கு வேறு பெரிய கவலை இருந்ததில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான், 2022 பிப்ரவரி 24இல் உக்ரைன் மீது படையெடுப்பு, மே 18இல் நேட்டோவுக்கு விண்ணப்பம் என்ற கணக்கு நமக்கு மாயம்போலத் தெரிகிறது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1939 நவம்பர் 30இல் சோவியத் படை உள்ளே வந்தது. 105 நாள் சண்டைக்குப் பிறகு பின்லாந்து நிலப்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இழந்தது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு மேற்கே வந்தார்கள். உலகமே அனுதாபப்பட்டது, ஆயுதமும் தன்னார்வலர்களும் வந்தார்கள், ஆனால் எந்த நாடும் தன் படையை இறக்கிக் கூட நின்று சண்டை போடவில்லை. பின்லாந்தின் பாதுகாப்புச் சிந்தனை முழுவதற்கும் அடித்தளம் இதுதான்: உதவி வரலாம், வராமலும் போகலாம், அதுவரை தனியாகத் தாக்குப்பிடிக்க வேண்டும்.

சோவியத்துடனான அடுத்த போரிலும் தோற்றபின் 1947 பாரிஸ் சமாதான ஒப்பந்தம் கைகளைக் கட்டியது. தரைப்படை 34,400 பேர், போர் விமானம் 60, நீர்மூழ்கிக் கப்பல் கூடாது, ஏவுகணை கூடாது. 1948இல் மாஸ்கோவுடன் நட்புறவு ஒப்பந்தம். ஜெர்மனியோ அதன் கூட்டாளிகளோ பின்லாந்து வழியாகத் தாக்கினால் பின்லாந்து எதிர்த்து நிற்க வேண்டும், தேவைப்பட்டால் சோவியத் உதவி வரும் என்பது அதன் சாரம். 1961 அக்டோபரில் சோவியத் யூனியன் அந்த ஷரத்தைக் காட்டி, ராணுவ ஆலோசனைக்கு வாருங்கள் என்று குறிப்பு அனுப்பியது. பின்லாந்து அதிபர் கெக்கோனன் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் வரை போய்ச் சோவியத் தலைவர் குருஷ்சேவைச் சந்தித்துப் பேசி அதைத் தள்ளிப்போட்டார். வெளியுறவில் பணிந்த பேச்சு, அளந்த வார்த்தை. இதை மேற்கில் பலர் ஏளனமாகப் பேசினார்கள். எனக்கு அந்த ஏளனத்தில் உடன்பாடு இல்லை, ஏனென்றால் அதே காலத்தில் உள்ளே நடந்த வேலையை அவர்கள் பார்க்கவில்லை.

உள்ளே நடந்தது இது. ஒப்பந்தத்தின் வரம்பு அமைதிக்காலத்தில் சீருடையில் இருக்கும் படைக்குத்தான். பயிற்சி முடித்து வீட்டுக்குப் போனவர்களை அது கணக்கில் எடுக்கவில்லை. எனவே கட்டாய ராணுவ சேவையை விடாமல் பிடித்துக்கொண்டு, வருஷா வருஷம் ஒரு தொகுதி இளைஞர்களைப் பயிற்றுவித்து ரிசர்வ் படைக்கு அனுப்பினார்கள். இன்றும் முறை அதேதான். சேவைக் காலம் வேலையைப் பொறுத்து 165, 255 அல்லது 347 நாள். நிரந்தரப் பணியாளர்கள் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். போர்க்காலப் படை 2,80,000. மொத்த மக்கள்தொகையோ 56 லட்சம்.

1961இலேயே இன்னொரு அமைப்பையும் தொடங்கினார்கள்: தேசியப் பாதுகாப்புப் பாடநெறி. எம்.பி.க்கள், கம்பெனித் தலைவர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், தொழிற்சங்கக்காரர்கள் என்று ஆள் பொறுக்கி அழைத்து, மூன்று வாரத்துக்கு மேல் உட்கார வைத்து, நாட்டின் பாதுகாப்பு எப்படி இயங்குகிறது என்று காட்டுகிறார்கள். நெருக்கடி வரும் நாளில் மின்வாரியத் தலைவருக்கும் படைத்தளபதிக்கும் முன்பே அறிமுகம் இருக்கும். ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே வரைபடத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். கேட்க மென்மையான விஷயமாகத் தெரியும். 2022இல் கட்சிகள் வேகமாக ஒத்துப்போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

குண்டுவீச்சுப் பதுங்கிடங்களையும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். நாடு முழுக்க சுமார் 50,500 பதுங்கிடங்கள், 48 லட்சம் பேருக்கு இடம். இவற்றில் பெரும்பாலானவற்றை அரசு கட்டவில்லை. 1,200 சதுர மீட்டருக்கு மேல் குடியிருப்பு கட்டினால் பதுங்கிடமும் கட்டியாக வேண்டும் என்பது சட்டம், செலவு கட்டுபவர் தலையில். தலைநகர் ஹெல்சிங்கியில் மெரிஹாகா என்ற இடத்தில் பாறையைக் குடைந்து கட்டிய ஒன்று இருக்கிறது, சுமார் 6,000 பேர் கொள்ளும். சாதாரண நாளில் அங்கே உடற்பயிற்சிக் கூடம், உள்ளரங்க ஹாக்கி மைதானம், குழந்தைகள் விளையாட்டு இடம் எல்லாம் நடக்கின்றன. உத்தரவு வந்தால் 72 மணி நேரத்தில் எல்லாவற்றையும் காலி செய்து பதுங்கிடமாக்க வேண்டும். விளையாட்டு இடமாக வைத்ததில் ஒரு தெளிவான நன்மை உண்டு. பயன்பாட்டில் இருப்பதால் காற்றோட்டம், வடிகால், கதவு எல்லாம் பழுதாகாமல் இருக்கும், வாடகையும் வரும். பூட்டி வைத்த பதுங்கிடம் பத்து வருஷத்தில் தண்ணீர் தேங்கிய கிடங்காகிவிடும்.

எண்ணெய், தானியம், மருந்து ஆகியவற்றின் கையிருப்புக்கு 1993 முதல் தனி முகமை இருக்கிறது. மின்சாரத்திலும் எரிபொருளிலும் ஒரு சிறு கட்டணம் வசூலித்து, அரசு பட்ஜெட்டுக்கு வெளியே தனி நிதியாக வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாடுதான் கெட்டிக்காரத்தனம். பட்ஜெட்டுக்குள் இருந்திருந்தால் அமைதியான ஏதாவது ஒரு வருஷத்தில் நிதியமைச்சர் கை வைத்திருப்பார்.

ஸ்வீடனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். பனிப்போர் முடிந்ததும் இனிப் பெரிய போர் இல்லை என்று ஸ்வீடன் முடிவெடுத்தது. பால்டிக் கடலின் நடுவே இருக்கும் கோட்லாந்து தீவின் நிரந்தரப் படையை 2005இல் கலைத்தது. 2010இல் கட்டாய சேவையை நிறுத்தியது. 2014இல் உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா பிடித்ததும் மனம் மாறியது. ஆனால் தீவுக்குப் படை திரும்பவே 2016 ஆயிற்று. கட்டாய சேவை 2017இல்தான் மீண்டது, அதுவும் ஆரம்பத்தில் சில ஆயிரம் பேருக்கு மட்டும். ஆளை அழைப்பது எளிது. பயிற்சி கொடுக்கும் அதிகாரி, முகாம், துப்பாக்கிச்சூட்டுத் திடல், கிடங்கு இவையெல்லாம் கலைத்துவிட்டால் திரும்ப வருவதற்கு ஒரு தலைமுறை ஆகும். பின்லாந்தும் முழுக்கத் தப்பவில்லை. போர்க்காலப் படையை 2015இல் 3,50,000இலிருந்து 2,30,000ஆகக் குறைத்தார்கள், பிறகு அது போதாது என்று 2017இல் 2,80,000ஆக ஏற்றினார்கள். இது முடிந்ததற்கு ஒரே காரணம், பயிற்சி பெற்ற ஆட்கள் ரிசர்வில் இருந்தார்கள்.

விமானம் வாங்கிய விதமும் ஒரு பாடம். பனிப்போர்க் காலத்தில் கிழக்கிலிருந்து மிக்-21, ஸ்வீடனிலிருந்து டிராக்கன் என்று பார்த்துப் பார்த்துச் சமன் செய்து வாங்கினார்கள். 1990 செப்டம்பரில், சோவியத் யூனியன் இன்னும் உயிரோடு இருக்கும்போதே, அதிபர் கொய்விஸ்தோவின் அரசு பாரிஸ் ஒப்பந்தத்தின் ராணுவ வரம்புகள் இனிச் செல்லாது என்று தானாகவே அறிவித்தது. 1992இல் அமெரிக்க எஃப்-18 ஹார்னெட் 64 வாங்க முடிவு. வரம்பு 60ஆக இருந்த நாடு வாங்கியது 64. நேட்டோவில் சேருவதற்கு முப்பது வருஷம் முன்பே தகவல்தொடர்பு, ஆயுதம், பராமரிப்பு எல்லாம் நேட்டோ தரத்துக்குப் போகத் தொடங்கியது இப்படித்தான்.

ஹார்னெட்டுக்கு மாற்றாக ஐந்து விமானங்கள் போட்டியிட்டன. விநியோகப் பாதுகாப்பு (நெருக்கடியிலும் உதிரிபாகமும் பராமரிப்பும் கிடைப்பது), உள்நாட்டுத் தொழில் பங்கேற்பு, செலவு இந்த மூன்றுக்கும் மதிப்பெண் கிடையாது. தேர்ச்சி அல்லது தோல்வி, அவ்வளவுதான். அதில் தேறியவற்றை மட்டும் போர்த்திறனில் தரவரிசைப்படுத்துவது என்று முறை வகுத்தார்கள். மொத்தச் செலவுக்கு 10 பில்லியன் யூரோ உச்சவரம்பு. 2021 டிசம்பர் 10இல் எஃப்-35 தேர்வானது, மறுபடியும் 64. உக்ரைன் போருக்கு முன்பே இது முடிந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

சரி, அந்த மூன்று மாதத்துக்கு வருவோம். உண்மையில் மணி அடித்தது 2021 டிசம்பர் 17இல். நேட்டோ இனி விரிவடையக் கூடாது என்று எழுத்தில் உறுதி கேட்டு ரஷ்யா ஒப்பந்த வரைவுகளை வெளியிட்டது. பின்லாந்து அதுவரை சொல்லிவந்தது, ‘நாங்கள் உறுப்பினர் இல்லை, ஆனால் விரும்பினால் விண்ணப்பிக்கும் உரிமையை வைத்திருக்கிறோம்’ என்பது. ரஷ்யா கை வைத்தது அந்த உரிமையில். அதிபர் நீனிஸ்தோ 2022 புத்தாண்டு உரையிலேயே அந்த உரிமை எங்களுடையது என்று பதில் சொல்லிவிட்டார். உக்ரைன் மீது குண்டு விழுந்ததும், ரஷ்யாவைச் சீண்டாமல் இருந்தால் பாதுகாப்பு என்ற பழைய கணக்கு முறிந்தது. பல வருஷமாகக் கால்வாசியைச் சுற்றியே இருந்த நேட்டோ ஆதரவு, பிப்ரவரி கடைசியில் அரசு ஒலிபரப்பு நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 53 சதவீதம், மே மாதம் 76.

மக்கள் கருத்து மட்டும் போதாது, அதை முடிவாக மாற்ற ஒரு பாதை வேண்டும். பின்லாந்து அரசியல் சட்டப்படி வெளியுறவை அதிபர் அரசாங்கத்துடன் சேர்ந்து நடத்த வேண்டும். ஒருவர் தனியாக முடிவெடுக்க முடியாது. ஏப்ரல் 13இல் அரசு நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில் ‘சேருவோம்’ என்ற பரிந்துரையே இல்லை. சூழல் எப்படி மாறியிருக்கிறது, சேர்ந்தால் என்ன ஆகும் என்பது மட்டும்தான். வேண்டுமென்றே அப்படி எழுதினார்கள், ஆளும் கூட்டணிக் கட்சிகள் பலவற்றுக்கு அதுவரை நேட்டோ ஆதரவு நிலைப்பாடு கிடையாது. குழுக்களில் பேசவும் கட்சிக்குள் விவாதிக்கவும் அந்த அறிக்கை ஒரு மாதம் கொடுத்தது. மே 12இல் அதிபரும் பிரதமர் சன்னா மரினும் கூட்டறிக்கை, மே 15இல் முறையான முன்மொழிவு, மே 17இல் வாக்கெடுப்பு: 188க்கு 8.

இதில் ஆபத்தான கட்டம் விண்ணப்பத்துக்குப் பிறகுதான் வருகிறது. விண்ணப்பம் போட்ட நாளிலேயே எதிரி கோபப்படுவான். ஒரு உறுப்பினரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கொள்ளும் 5ஆம் பிரிவுப் பாதுகாப்போ எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்புதல் தந்த பிறகுதான். இந்த இடைவெளியை மூடத்தான் விண்ணப்பத்துக்கு முன்பே, மே 11இல், பிரிட்டன் பிரதமரை அழைத்துப் பரஸ்பர உதவி அறிவிப்பில் கையெழுத்து வாங்கினார்கள். துருக்கியும் ஹங்கேரியும் இழுத்தடித்தன. 2023 ஏப்ரல் 2இல் பின்லாந்தில் பொதுத்தேர்தல்; புதிய அரசு அமைய மாதக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தில் துருக்கி திடீரென ஒப்புக்கொண்டால் சேர்க்கைக்கு ஒப்புதல் தர நாடாளுமன்றம் இருக்காது. அதனால் மார்ச் 1ஆம் தேதியே, அந்த இரண்டு நாடுகளின் ஒப்புதல் வரும் முன்பே, சேர்க்கைச் சட்டத்தை நிறைவேற்றித் தயாராக வைத்தார்கள். துருக்கி மார்ச் 30இல் ஒப்புதல் தந்தது; ஏப்ரல் 4இல் பின்லாந்து 31ஆவது உறுப்பினர்.

சறுக்கிய இடமும் உண்டு, அது எரிசக்தி. கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்ட அதே 2014இல், ரஷ்ய அரசு அணுசக்தி நிறுவனமான ரோசாட்டம் கட்ட வேண்டிய ஹன்ஹிகிவி அணுமின் நிலையத் திட்டத்துக்கு ஹெல்சிங்கி பச்சைக்கொடி காட்டியது. படைக்கு ஒரு அச்சுறுத்தல் கணிப்பு, வியாபாரத்துக்கு வேறொரு கணிப்பு. கடைசியில் 2022 மே மாதம் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். அதே மாதம் ரஷ்யா மின்சார ஏற்றுமதியை நிறுத்தியது, நாட்டின் தேவையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஒரு வாரத்தில் எரிவாயுக் குழாயும் மூடப்பட்டது. எரிவாயுவை அதிகம் சார்ந்திராததாலும், அந்த ஆண்டு இறுதிக்குள் இன்கோ துறைமுகத்துக்கு மிதக்கும் எரிவாயு முனையக் கப்பலைக் குத்தகைக்குக் கொண்டுவந்ததாலும் குளிர்காலம் கடந்தது.

சேர்ந்த பிறகு அச்சுறுத்தலின் வடிவமும் மாறியிருக்கிறது. 2023 இலையுதிர்காலத்தில் ரஷ்யப் பக்கத்திலிருந்து, விசா இல்லாமல், வேறு நாடுகளைச் சேர்ந்த சுமார் 1,300 பேர் எல்லைச் சாவடிகளுக்கு வந்து புகலிடம் கேட்டார்கள். ரஷ்யா திட்டமிட்டு அனுப்புகிறது என்று பின்லாந்து சொன்னது; டிசம்பருக்குள் கிழக்கு எல்லையில் பயணிகள் போக்குவரத்து முழுவதும் மூடப்பட்டது. 2024 ஜூலையில், குறிப்பிட்ட சூழலில் புகலிட விண்ணப்பத்தையே வாங்க மறுக்க அனுமதிக்கும் தற்காலிகச் சட்டம் 167க்கு 31 என்று நிறைவேறியது. அரசியல் சட்டத்திலிருந்து விலகும் இப்படிப்பட்ட சட்டத்தை உடனடியாக நிறைவேற்ற ஆறில் ஐந்து பங்கு வாக்கு தேவை, மயிரிழையில் தேறியது. இது அரசியல் சட்டத்துக்கும் சர்வதேசக் கடமைக்கும் முரண் என்று அந்நாட்டுச் சட்ட வல்லுநர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள், அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. உண்மையிலேயே உயிருக்குப் பயந்து ஓடி வந்தவரையும் ரஷ்யாவால் தள்ளிவிடப்பட்டவரையும் ஒரு சாவடிக் காவலர் பனியில் நின்று எப்படிப் பிரிப்பார் என்பதற்கு அந்தச் சட்டம் நல்ல பதில் தரவில்லை.

செலவு கிழக்கு எல்லையோர ஊர்களில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. லாப்பேன்ராந்தா, இமாத்ரா போன்ற ஊர்களின் கடைகளும் ஹோட்டல்களும் வார இறுதியில் காரில் வரும் ரஷ்யர்களை நம்பி வளர்ந்தவை. அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் உள்ள ரஷ்ய மொழி பேசும் குடிமக்களுக்கு, பக்கத்து ஊருக்குப் போகவே இப்போது எஸ்தோனியா போன்ற மூன்றாவது நாட்டைச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. அந்த ஊர்களுக்கு மாற்று வருமானம் எங்கிருந்து வரும் என்பதுதான் ஹெல்சிங்கி இன்னும் உருப்படியாகக் கணக்குப் போடாத பகுதி. எல்லையோரத்தில் ஆள் குடியிருப்பதும் பாதுகாப்புத்தான் என்று பின்லாந்துக்காரர்களே பல காலமாகச் சொல்லி வருகிறார்கள், ஆனால் பாதுகாப்புக்கு ஒதுக்கும் பணத்தில் அந்தச் செலவு இன்னும் சேரவில்லை.