சய ஐம்பது ஏக்கர் அடித் தண்ணீர்

வணக்கத்துக்குரிய ஐயாவுக்கு,

கிளிநொச்சியில் ஒரு தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் கணினிப் பாடம் கற்பிக்கிறேன். அடுத்த தவணையிலிருந்து ‘மாதிரியுருவாக்கமும் போலச்செய்தலும்’ (உண்மை நிகழ்வொன்றைக் கணக்காக வடித்துக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது) என்ற பாடத்தையும் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் அதை ஒரேயொரு பருவம் படித்தவள் நான். பாடத்திட்டம் பரிந்துரைக்கும் ஆங்கிலப் பாடநூலை இத்துடன் அனுப்புகிறேன். அறுநூறு பக்கம். பொருளடக்கத்தைப் பார்த்தால் எல்லாமே இருக்கிறது. மாணவர் 38 பேர். அநேகமாக எல்லோரும் கமக்காரர், கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஆளுக்கொரு பிரதி வாங்கச் சொல்வதற்கு முன்னர் இந்த நூல் நல்லதா என்று எப்படி எடைபோடுவது? தமிழில் பெயர்த்துக் கொடுத்தால் போதுமா? பல ஆண்டுகள் கணிதம் கற்பித்தவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகி, கிளிநொச்சி

அன்புள்ள தங்கைக்கு,

புத்தகம் பத்திரமாக வந்து சேர்ந்தது. மூன்று வாரமாக மேசையில் கிடக்கிறது. முழுவதையும் வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து அத்தியாயங்களின் கணக்குகளை எல்லாம் செய்து பார்த்தேன். பாடநூலை வாசித்து எடைபோட முடியாது, செய்துதான் பார்க்க வேண்டும்.

பொருளடக்கத்தில் எல்லாம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கத்தான் செய்கிறது. வரிசைக் கோட்பாடு, எழுமாற்று எண்கள் (தற்செயலாக விழும் எண்கள்), நிகழ்தகவுப் பரம்பல்கள், வகையீட்டுச் சமன்பாடுகள், மொன்ரே கார்லோ முறை, கடைசியில் முடிவுகளின் பகுப்பாய்வு. இந்தத் துறையின் எந்தப் பாடநூலைத் திறந்தாலும் இதே தலைப்புகள்தான், வரிசை மட்டும் சற்று மாறும். ஆகவே அங்கே தேடாதீர்கள். நான் தேடுவது ஒன்றைத்தான்: இந்தப் புத்தகம் எந்தப் பக்கத்தில் முதன்முதலாக ஒரு பிழையான விடையைக் காட்டுகிறது?

இயற்பியல் பாடத்தில் பிழை விட்டால் ஆய்வுகூடத்தில் நூல் அறும், குமிழ் எரியாது. போலச்செய்தலில் எதுவும் அறாது. மாதிரியுரு எவ்வளவு பிழையாக இருந்தாலும் கணினி ஓர் எண்ணைக் கொடுத்தே தீரும். அதையும் மூன்று தசம தானங்களோடு கொடுக்கும். தசம தானத்துக்கு நம் பிள்ளைகள் வைத்திருக்கும் மரியாதை உங்களுக்குத் தெரியும். அந்த மரியாதையை உரிய இடத்தில் நிறுத்திவைக்கக் கற்பிக்காத நூல், மற்ற எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாலும் பிள்ளைகளுக்குக் கேடுதான் செய்யும். உங்கள் நூலின் முதல் அத்தியாயத்தில் புள்ளியியலாளர் ஜோர்ஜ் பொக்ஸ் சொன்னது கட்டம் போட்டு அச்சாகியிருக்கிறது: மாதிரியுருக்கள் எல்லாமே பிழையானவை, சில பயன்படும் என்று. அதற்குப் பிறகு நானூறு பக்கங்களுக்குப் பிழையான மாதிரியுரு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

தொட்டி வடியும் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பதற்கு விகிதசமமாகத் தண்ணீர் வெளியேறும் தொட்டி. நாளொன்றுக்கு இருப்பின் 0.5 மடங்கு வீதம். ஒயிலர் முறையில், அதாவது படியின் தொடக்கத்தில் உள்ள வீதமே அந்தப் படி முழுவதும் நீடிக்கும் என்று கொண்டு, சிறு சிறு காலப்படிகளாகக் கணக்கிட்டு, வழுக்கிக்கொண்டு இறங்கும் அழகான வளைகோடு ஒன்றை வரைந்திருக்கிறார்கள். காலப்படியைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்: அதைப் போதிய அளவு சிறிதாகத் தெரிவுசெய்க.

தொட்டிக்குப் பதில் நம் ஊர்க் குளம் ஒன்றை வையுங்கள். இருப்பு 100 ஏக்கர் அடி (ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர் அடி). காலப்படியை மூன்று நாளாக்குங்கள். நூறிலிருந்து 0.5 × 100 × 3 கழிய வேண்டும், அதாவது 150. குளத்தில் மிச்சம் சய ஐம்பது ஏக்கர் அடி. பூச்சியத்துக்கும் கீழே ஐம்பது. அடுத்த மூன்று நாளில் மழை ஒரு துளியும் இல்லாமல் குளம் 25 ஏக்கர் அடிக்கு நிரம்புகிறது. அதற்கடுத்த படியில் மறுபடியும் சய 12.5. உண்மையில் மூன்று நாள் கழிந்து குளத்தில் இருக்க வேண்டியது ஏறத்தாழ 22. ஒரு நாள் படி வைத்தால் 12.5 வரும். நாளின் பத்திலொரு பங்கைப் படியாக்கினால் 21.5 வரும். சமன்பாடு சரி, நிரலிலும் பிழையில்லை, விடை மட்டும் பிழை. இந்தச் சய ஐம்பதைக் கரும்பலகையில் எழுதி, ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் நில்லுங்கள். வகுப்பில் யாராவது ஒரு கமக்காரர் வீட்டுப் பிள்ளை எழுந்து, “மிஸ், குளம் அப்படி வற்றாது” என்று சொல்லும். பாடம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நூல் அந்த வாய்ப்பைத் தவறவிட்டுவிட்டது.

வரிசை அத்தியாயத்தில் எனக்கு உண்மையாகவே மனவருத்தம் ஏற்பட்டது, ஏனென்றால் அது நன்றாக எழுதப்பட்ட அத்தியாயம். 1909இல் கோப்பன்ஹேகன் தொலைபேசி இணைப்புகளுக்காகக் கணிதவியலாளர் ஏர்லாங் தொடங்கிவைத்த கணக்கிலிருந்து படிப்படியாக அழைத்து வருகிறார்கள். பிறகு ஓர் உதாரணம்: ஒரு கருமபீடம், மணிக்குச் சராசரியாக 9 பேர் வருகிறார்கள், மணிக்குச் சராசரியாக 10 பேரைக் கவனிக்க முடியும், இரண்டும் எழுமாற்றாக. கோட்பாடு சொல்லும் நீண்டகாலச் சராசரி, ஆள் ஒருவர் வந்ததிலிருந்து வெளியேறும்வரை ஒரு மணித்தியாலம். ஜோன் லிற்றில் 1961இல் நிறுவிய விதிப்படி, வரும் வீதத்தைத் தங்கும் நேரத்தால், அதாவது 9ஐ 1ஆல் பெருக்கினால் எந்நேரமும் சராசரியாக 9 பேர் அங்கே நிற்பார்கள். மணிக்கு 8 பேர்தான் வருகிறார்கள் என்றால் அந்த ஒரு மணித்தியாலம் அரை மணித்தியாலமாகக் குறைந்துவிடும். நம் வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவில் காலையில் நின்ற எவருக்கும் இந்தக் கணக்கு காலில் தெரியும். கூடுதலாக ஓர் ஆள் வந்தால் வரிசை ஓர் ஆளால் மட்டும் நீள்வதில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அந்தக் கருமபீடத்தை எட்டு மணித்தியாலத்துக்கு ஒரே ஒரு முறை ஓடவிட்டு, வந்த எண்ணை விடையென்று அச்சிட்டுவிடுகிறார்கள். நான் அதே நிரலை, எழுமாற்று எண்களுக்கு வெவ்வேறு தொடக்க எண்களைக் கொடுத்து, இருநூறு முறை ஓட்டினேன். ஒரு நாளின் சராசரி இருபது நிமிடத்துக்கும் குறைவு. இன்னொரு நாளின் சராசரி ஒரு மணித்தியாலத்தையும் தாண்டியது. அநேகமானவை கோட்பாட்டு விடைக்குக் கீழேயே நின்றன. காரணம் எளிது: காலையில் கதவு திறக்கும்போது வரிசையில் ஒருவரும் இல்லை. இவ்வளவு நெருக்கமான வரிசை தன் இயல்பு நிலைக்கு வர எட்டு மணித்தியாலம் போதவே போதாது. மீண்டும் மீண்டும் ஓட்ட வேண்டும், நம்பிக்கை ஆயிடை (உண்மைச் சராசரி எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்ற மதிப்பீடு) கொடுக்க வேண்டும், தொடக்கப் பகுதியை என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டும். இவையெல்லாம் பதினோராம் அத்தியாயத்தில் இருக்கின்றன, பதினான்கே பக்கங்களில். உங்கள் தவணை அந்த அத்தியாயத்தை எட்டப்போவதில்லை. எட்டாத பிள்ளை நாளை ஒரு திணைக்களத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு முறை ஓட்டிய எண்ணை வைத்துக்கொண்டு ஒரு வைத்தியசாலைக்கு எத்தனை கருமபீடம் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும்.

எழுமாற்று எண் அத்தியாயத்தில் ஒரு சின்னப் பயிற்சி இருக்கிறது. ஓர் எண்ணை ஐந்தால் பெருக்கு, மூன்றைக் கூட்டு, பதினாறால் வகுத்து மீதியை எடு. ஏழிலிருந்து தொடங்கி, எத்தனை எண்களுக்குப் பிறகு மீண்டும் ஏழு வருகிறது என்று கண்டுபிடி. விடை 16. அத்துடன் அடுத்த பயிற்சிக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் போகாதீர்கள். எண்களை வரிசையாக எழுதச் சொல்லுங்கள்: 7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4. ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை. கடைசிவரை அப்படியேதான். பூவா தலையா போட இதைப் பயன்படுத்தினால் பூவும் தலையும் மாறி மாறி மட்டுமே விழும். பதினாறு எண்களும் ஒருமுறை வருகின்றன, எண்ணிக்கைப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் இதில் எழுமாற்று எங்கே இருக்கிறது? இது பள்ளிக்கூடத்துச் சிறுகணக்கு மட்டுமல்ல. 1960களில் ஐபிஎம் கணினிகளில் பரவலாகப் புழங்கிய ‘ரண்டு’ (RANDU) என்ற எழுமாற்று எண் முறையும் இதே குடும்பம்தான். அதன் எண்களை மும்மூன்றாக எடுத்து முப்பரிமாண வெளியில் புள்ளிகளாகக் குறித்தால் அத்தனையும் பதினைந்தே தளங்களில் விழுந்தன. இந்தக் குடும்பம் முழுவதற்கும் இத்தகைய குறை உண்டென்று கணிதவியலாளர் மார்சாக்லியா 1968இல் காட்டினார். உங்கள் நூல் இதற்கு ஓர் அடிக்குறிப்பு ஒதுக்கியிருக்கிறது.

இனி நல்லதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டாம், மூன்றாம் அத்தியாயங்கள் உண்மையிலேயே நல்லவை. கணினியைத் தொடாமல், தாளில் கட்டம் கீறி, வந்த நேரம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம் என்று கையால் நிரப்பவைக்கிறார்கள். அதைக் கண்டதும் எனக்கு மல்லாவி நினைவுக்கு வந்தது. இடம்பெயர்ந்து அங்கே இருந்த காலத்தில் வன்னியில் மின்சாரம் இல்லை. 00 முதல் 99 வரை நூறு கடதாசித் துண்டுகளில் எழுதி, ஒரு பனையோலைப் பெட்டியில் போட்டுக் குலுக்கி, ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு சொல்லிக் கொடுத்தேன். எடுத்த துண்டைத் திரும்பப் போடாமல் மடியில் வைத்துக்கொண்ட ஒரு சிறுவனால் ஒரு மாலைக் கணக்கு முழுவதும் பிழைத்தது. அன்று அந்த வகுப்பு கற்றதை எந்த நூலும் அவ்வளவு ஆழமாகக் கற்பிக்காது. ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்ததால்தான் பிழையைக் கண்டுபிடித்தோம். உங்கள் பிள்ளைகளும் முதல் மூன்று வாரம் தாளிலேயே செய்யட்டும்.

ஆகவே என் முடிவு இது. 38 பிரதி வேண்டாம். நூலகத்துக்கு இரண்டு வாங்குங்கள், உங்களுக்கு ஒன்று. இரண்டு, மூன்று, ஐந்து ஆகிய அத்தியாயங்களைக் கற்பியுங்கள். பதினோராம் அத்தியாயத்தை நான்காவது வாரத்திலேயே கொண்டுவந்து, அதற்குப் பிறகு செய்கிற ஒவ்வொரு கணக்கிலும் அதைப் பிரயோகியுங்கள். நூலின் இறுதிப் பகுதி குறிப்பிட்ட ஒரு மென்பொருளின் பழைய பதிப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அதை விட்டுவிடலாம்.

மொழிபெயர்ப்பு பற்றிக் கேட்டீர்கள். அறுநூறு பக்கத்தையும் பெயர்த்தாலும் உதாரணங்கள் பெயராது. காரில் இருந்தபடியே உணவு வாங்கும் கடை, விமான நிலையத்தில் பொதிகள் வரும் பட்டி, பனிச்சறுக்கு மலைக்கு ஏற்றிச் செல்லும் கம்பி வண்டி. இவற்றைக் காணாத பிள்ளை விடை பொருந்துகிறதா இல்லையா என்று எதைக் கொண்டு சொல்லும்? அறுபது பக்கத்தில் நீங்களே எழுதுங்கள். கலைச்சொல்லுக்குத் தயங்காதீர்கள். எழுமாற்று, ஆயிடை, மாதிரியுரு எல்லாம் உயர்தரம் படித்த பிள்ளைகளுக்குப் பழகிய சொற்கள்.

பரந்தன் சந்தியில் தொடங்கலாம். முல்லைத்தீவு வீதியால் போகும் பஸ்களின் நேரத்தை ஒரு காலைப் பொழுது முழுவதும் இரண்டு பிள்ளைகள் குறிக்கட்டும். சராசரி இடைவெளி முப்பது நிமிடம் என்று வந்தால், சராசரியாகப் பதினைந்து நிமிடம் காத்திருந்தால் போதும் என்று வகுப்பு முழுவதும் சொல்லும். இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்து, இடைவெளி மாறி மாறிப் பத்தும் ஐம்பதுமாக இருந்தால் என்ன ஆகும்? அறுபது நிமிடத்தில் ஐம்பது நிமிடம் பெரிய இடைவெளிக்குள் இருக்கிறது. நினைத்த நேரத்தில் சந்திக்கு வருகிறவர் அதற்குள் அகப்படும் வாய்ப்பு ஆறுக்கு ஐந்து. அங்கே சராசரியாக 25 நிமிடம், சின்ன இடைவெளியில் 5 நிமிடம். சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 21 நிமிடம் 40 வினாடி. பஸ் நிறுத்தத்தில் நின்று களைத்த அம்மாக்கள் சொல்வது சரி என்று கணக்கும் சொல்லும்.

அடுத்ததாக இரணைமடுக் குளம். கனகராயன் ஆற்றால் வருகிற நீர், நேரே பெய்கிற மழை, துருசால் வாய்க்காலுக்குப் போவது, ஆவியாவது, வான்கதவால் வெளியேறுவது. நாளுக்கு நாள் கூட்டிக் கழிக்கிற எளிய கணக்குத்தான். ஆனால் எத்தனை இடத்தில் தடுக்கிவிழலாம் பாருங்கள். நாளுக்கு ஐந்து மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால் நூறு ஏக்கர் நீர்ப்பரப்பிலிருந்து ஏறத்தாழ 2,000 கன மீற்றர் போகும். நீர் இறங்க இறங்கப் பரப்பும் சுருங்குமே, அதை நிரல் அறியுமா? சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாவது குளத்தின் இருப்பை வைத்துத்தான். அந்தக் கணக்குப் பிழைத்தால் கதிர் பறியும் நேரத்தில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். மாரியில் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதை 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட உங்கள் மாணவர்களிடம் விளக்கத் தேவையில்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் கடந்த ஆண்டின் நாளாந்த நீர்மட்டப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். பாதி ஆண்டின் தரவில் மாதிரியுருவைச் சரிசெய்யட்டும். மற்றப் பாதியை நீங்கள் பூட்டி வைத்திருங்கள். பிள்ளைகள் தங்கள் எதிர்வுகூறலை எழுதிக் கையெழுத்திட்டுத் தந்த பிறகுதான் அதைக் காட்ட வேண்டும். எவ்வளவு விலகியது, ஏன் விலகியது என்று எழுதுவதற்குப் பாதிப் புள்ளி கொடுங்கள்.

புத்தகத்தை நாளை வவுனியாவிலிருந்து வரும் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். ஓரங்களில் பென்சிலால் குறித்திருக்கிறேன், மன்னியுங்கள். 212ஆம் பக்கத்தில் என் குறிப்பொன்றின் மேல் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அங்கே பரவற்படி (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) பிழையா, நான் கணித்தது பிழையா என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். விடை கிடைத்தால் எழுதுங்கள்.

அன்புடன்.