சேலத்துக்கும் கோவைக்கும் வானத்தில் எவ்வளவு தூரம்?

சேலம் ஏர்போர்ட் இருக்கும் காமலாபுரத்தில் 2023 அக்டோபரில் மறுபடியும் பயணிகள் விமானம் வந்து போகத் தொடங்கியதிலிருந்து தூரம், நேரம் பற்றிக் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சிலருக்கு இங்கே பதில்.

சேலம் ஏர்போர்ட்டிலிருந்து கோவை ஏர்போர்ட்டுக்கு வான்வழியில் எத்தனை கிலோமீட்டருங்க? (ஓமலூர்)

நேர்கோட்டில் சுமார் 140 கி.மீ. விமானிகள் கணக்கில் 75 கடல் மைல். சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி வழியாகக் காரில் வந்தால் 170 கி.மீ.யை ஒட்டி வரும்.

அந்த 140-ஐ ஏடிஆர் (விசிறி சுழன்று ஓடும் சிறிய விமானம்) விமானத்தின் வேகத்தால் வகுத்தால் 17 நிமிடம்தானே வருது? (திருச்செங்கோடு)

வகுத்தது சரி. ஆனால் மணிக்கு 500 கி.மீ. வேகம் என்பது மேலே ஏறி நிலைகொண்ட பிறகுதான். இவ்வளவு குறைந்த தூரத்தில் ஏறி முடித்ததுமே இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். அட்டவணையில் போடும் நேரமோ, நின்ற இடத்திலிருந்து விமானம் நகர்வதில் தொடங்கி, போய்ச் சேர்ந்த ஊரில் நிற்கும் வரைக்குமானது. சேலம்-சென்னையைப் பாருங்கள். நேர்கோட்டில் 265 கி.மீ.தான், வகுத்தால் 32 நிமிடம். அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்தக் கணக்கில் சேலம்-கோவைக்கு 40 நிமிடமாவது வேண்டும். இந்த இரண்டு ஊருக்கும் நடுவே இப்போது நேரடி விமானம் இல்லை. விட்டாலும் நான் ரயிலில்தான் போகச் சொல்வேன். இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் ஊருக்குள்ளேயே இறங்கிவிடலாம்.

ஆடிக் காற்றில் விமானம் தாமதமாகுமா? (பல்லடம்)

கொஞ்சம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. சிறிய விமானங்கள் பறக்கும் உயரத்திலும் அந்தப் பருவத்தில் மேற்குக் காற்றுதான். மணிக்கு 50 கி.மீ. காற்று என்று வைத்துக்கொண்டால், 140 கி.மீ.க்குள் எதிர்க்காற்றில் போவதற்கும் காற்றோடு போவதற்கும் மூன்று, நான்கு நிமிட வித்தியாசம் வரும். இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. கோவை ஏர்போர்ட் இருக்கும் பீளமேட்டில் ஓடுதளம் வடகிழக்கு-தென்மேற்காக அமைந்தது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும் என்பதால், சேலம் பக்கமிருந்து வருவது சுற்றி வளைக்காமல் நேராகவே இறங்க முடியும்.

ஈரோட்டிலிருந்து சென்னை போக சேலமா, கோவையா? பெற்றோருக்கு வயதாகிவிட்டது. (ஈரோடு)

இரண்டுமே 80, 90 கி.மீ.தான், தூரத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சேலத்தில் விமானங்கள் குறைவு. அன்றைக்கு ரத்தானால் பெரியவர்களை வைத்துக்கொண்டு திரும்பி வர வேண்டியதுதான். கோவையில் அடுத்த விமானம் கிடைக்க வழி உண்டு. அதனால் கோவை. கூட்டமும் நடையும் குறைவாக இருந்தால் போதும், பயண நாளை மாற்றிக்கொள்ள முடியும் என்றால் சேலம் அவர்களுக்குச் சுலபம். எங்கே போனாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே பை கொடுக்கும் கவுண்டரை மூடிவிடலாம். பெருந்துறைப் பக்கம் லாரி நெரிசலையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வீல்சேர் வேண்டுமானால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் காத்திருக்க வேண்டியிருக்காது.

சேலத்துக்குப் பெரிய விமானம் ஏன் வருவதில்லை? (மேட்டூர்)

ஓடுதளம் 1,800 மீட்டர்தான். கோவையில் கிட்டத்தட்ட 3,000. வெயிலில் காற்று லேசாகிவிடுவதால் மேலெழும்ப இன்னும் நீளம் தேவை. முழுச் சுமையோடு கிளம்பும் பெரிய ஜெட்டுக்கு 1,800 போதாது, ஏடிஆருக்குப் போதும். நீளத்தைக் கூட்ட நிலம் வேண்டும், காமலாபுரத்தைச் சுற்றி அது விவசாயிகளின் நிலம்.