மந்திரவாதியும் மனுஷி அல்லாதவளும்: தொடர்கதை எழுதுவோருக்குக் கேள்வி பதில்

இந்தக் காலத்து மந்திரவாதி ஒருவன். முழு மனுஷி என்று சொல்ல முடியாத ஒருத்தி. இருவருக்கும் காதல். இந்த வகையில் தொடர் எழுதுகிறவர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, என் நாயகன் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் மந்திரவாதி. நாயகியை வசியம் செய்கிறான், போகப் போக அவள் உண்மையாகவே காதலிக்கிறாள். வாசகிகள் திட்டித் தீர்க்கிறார்கள். என்ன தப்பு?

திட்டியது நியாயம்தான். அட்டமா கருமங்கள் என்று எட்டைச் சொல்வார்கள். வசியம், மோகனம், தம்பனம் என்று போகும் அந்த வரிசையில்தான் ஆளைக் கொல்லும் மாரணமும் இருக்கிறது. மாரணம் செய்கிறவன் வில்லன், வசியம் செய்கிறவன் மட்டும் நாயகனா? அதைவிடப் பெரிய சிக்கல், பின்னால் அவள் "உன்னைப் பிடித்திருக்கிறது" என்று சொல்லும்போது பேசுவது அவளா தகடா என்று வாசகிக்குத் தெரியாது. இருபதாவது அத்தியாயத்தில் அவனே வசியத்தை முறிக்கட்டும். அவள் கிளம்பிப் போகட்டும். திரும்பி வருவாளா என்பதுதான் உங்கள் கதை. முதல் பத்தொன்பதையும் சுருக்கி இரண்டாக்கிவிடுங்கள்.

கேள்வி: நம் பக்கத்துப் பழைய கதைகளில் இதற்கு மாதிரி உண்டா?

பக்கத்திலேயே கடமட்டத்துக் கத்தனார் இருக்கிறார். கேரளத்துப் பாதிரியார், பெரிய மந்திரவாதி என்று பெயர். திருவனந்தபுரத்திலிருந்து பத்மநாபபுரம் போகும் காட்டுவழியில் ஒரு யட்சி, வருகிறவர்களிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு மயக்கிக் கொன்றுகொண்டிருந்தாள். இவர் சுண்ணாம்பை இரும்பு ஆணியில் வைத்து நீட்டினார். அவள் அடங்கியதும் ஆணியைத் தலையில் அறைந்து, சாதாரணப் பெண்போலக் கூட்டிக்கொண்டு போனார். காயங்குளத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்கியபோது, அங்கிருந்த பாட்டி ஆசையாக யட்சிக்குத் தலைவாரிவிட உட்கார்ந்தாள். கையில் ஆணி தட்டுப்பட, "ஐயோ பாவம்" என்று பிடுங்கிவிட்டாள். அவ்வளவுதான், யட்சி மறைந்துவிட்டாள். கத்தனார் வாழையிலையில் ஆற்றைக் கடந்து பனையன்னார்காவு வரை துரத்திப் போனார் என்பது கதை.

இதைக் காதல் கதையாக மாற்றிப் பலர் எனக்கு அனுப்புகிறார்கள். எல்லோரும் கத்தனாரை இளைஞனாக்குகிறார்கள், யட்சிக்குப் புடவை கட்டிவிடுகிறார்கள். ஆணியை மட்டும் யாரும் தொடுவதில்லை. வடக்கே ஸ்காட்லாந்தின் ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளில் கடல்நாய்ப் பெண்ணின் கதை உண்டு. தோலைக் கழற்றி வைத்துவிட்டுக் கரையில் ஆடுகிறவளின் தோலை ஒருவன் ஒளித்துவைத்து அவளை மனைவியாக்குகிறான். வருஷங்கள் கழித்துத் தோல் கிடைத்ததும், பெற்ற பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறாள். சீனத்துக் கதையில் பெண்ணுருவில் வரும் வெள்ளைப்பாம்பு ஒரு மனிதனை மனதாரக் காதலித்தவள். ஆனாலும் துறவி ஃபாஹாய் அவளை ஹாங்சோவின் லெய்ஃபெங் கோபுரத்துக்கடியில் அடைத்துவிடுகிறார். 1924ல் அந்தக் கோபுரம் நிஜமாகவே இடிந்து விழுந்தது. பாம்புப் பெண் தப்பித்தாளென்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி, கொஞ்சம் தாமதமாக.

ஆணி, தோல், கோபுரம் என்று கட்டிவைக்க ஏதோ ஒன்று எல்லாக் கதையிலும் வருகிறது. அது யார் கையில் இருக்கிறது, அவளுக்கு அது தெரியுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். தெரிந்தும், எடுக்க முடிந்தும் அவள் எடுக்காமல் இருந்தால் அதற்குப் பேர் காதல்.

கேள்வி: அவள் மனுஷி இல்லை என்பதை எப்படி வெளிப்படுத்துவது? கண் சிவக்கிறது, பல் நீளுகிறது என்று எழுதி எனக்கே அலுத்துவிட்டது.

எனக்கும்தான். இதற்கு வெளியூர்ப் படங்களைப் பார்க்க வேண்டாம், தொல்காப்பியத்தைத் திறங்கள். களவியலில் தலைவன் தலைவியை முதன்முதல் பார்த்ததும் இவள் தெய்வப்பெண்ணோ மானிடப்பெண்ணோ என்று ஐயப்படுகிறான். அந்த ஐயத்தைத் தீர்க்கும் அடையாளங்களைப் பட்டியலே போட்டிருக்கிறார்கள்: மொய்க்கும் வண்டு, அணிந்த நகை, பூ, தடுமாற்றம், கண் இமைப்பது, அச்சம். திருக்குறளின் காமத்துப்பால் தொடங்குவதும் இதே கேள்வியில்தான், அணங்கா, மயிலா, பெண்ணா என்று. நளன் கதையில் தமயந்திக்கு இதுவே தலைகீழாக வருகிறது. நளனைப்போல வேஷம் போட்ட நான்கு தேவர்களுக்கு வியர்வை இல்லை, இமைப்பு இல்லை, மாலை வாடவில்லை, கால் தரையில் படவில்லை. வியர்த்து, நிழல் விழ, வாடிய மாலையோடு நின்றவன்தான் அவள் தேடியவன்.

இதில் ஒன்றை எடுத்து உங்கள் ஊருக்குக் கொண்டுவாருங்கள். மே மாதம், மின்சாரம் இல்லை, பஸ்ஸில் நெரிசல். எல்லோரும் நனைந்து நிற்க, அவள் நெற்றி மட்டும் உலர்ந்திருக்கிறது. அல்லது காலையில் வைத்த மல்லிகை இரவு பதினொன்றுக்கும் மொட்டாகவே இருக்கிறது. அதைப் பார்த்தும் அவன் ஒன்றும் கேட்கவில்லை என்றால் அந்த இடத்தில் வாசகி உங்களிடம் மாட்டிக்கொள்வாள்.

கேள்வி: நாயகி மந்திரவாதி, நாயகன் மனிதன் அல்லாதவன் என்று மாற்றலாமா?

தாராளமாக. ஆணி அவள் கையில் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆண் என்பதால் கட்டிப்போடுவது இனிப்பாகிவிடாது.

கேள்வி: மந்திரவாதிக்கு ஆபீஸ் வேலை கொடுத்தால் கெத்து குறைகிறதே?

ஜப்பானின் அபே நோ செய்மெய் (921-1005) அரசவையில் நாள், குறி, வானம் பார்க்கும் அலுவலகத்தில் இருந்தவர், அதாவது அரசு ஊழியர். அவருக்கென்ன கெத்து குறைந்தது? அவருடைய அம்மா குசுனோஹா என்ற நரி என்பது பின்னால் வளர்ந்த கதை. பிள்ளை அவளது நிஜ உருவத்தைப் பார்த்துவிட, ஒரு கவிதையை எழுதிவைத்துவிட்டுக் காட்டுக்குப் போய்விடுகிறாள். கலப்புப் பிறவியே மந்திரவாதியாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இன்னொன்றும் சொல்வார்கள். அவர் ஏவிய ஆவிகளின் முகத்தைப் பார்க்க மனைவி பயந்ததால், அவற்றைக் கியோட்டோவில் ஒரு பாலத்துக்கடியில் குடிவைத்தாராம். ஊரை நடுங்கவைக்கிறவன் வீட்டில் இப்படி ஒரு பஞ்சாயத்து! இந்த மாதிரி ஒரு காட்சி பத்து யாகக் காட்சிக்குச் சமம்.

கேள்வி: இசக்கியை நாயகியாக வைக்கலாமா?

வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் இசக்கியம்மனுக்கு இன்றும் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். ஒருவர் குலதெய்வத்தைக் கொண்டுபோய் உங்கள் முத்தக் காட்சியில் நிறுத்தாதீர்கள். பெயரில்லாத ஒருத்தியை உருவாக்குங்கள். நிஜ மந்திரங்களையும் அப்படியே அச்சடிக்க வேண்டாம், மை, தகடு, எலுமிச்சம்பழம் போதும்.

கேள்வி: யட்சி குடியிருக்கப் பாலைமரம் வேண்டும். நகரத்தில் எங்கே போவது?

டெல்லிக்கு. தெருவுக்குத் தெரு ஏழிலைப்பாலை நட்டிருக்கிறார்கள். அக்டோபர் வாக்கில் பூத்து இரவில் வாசனை தலையைச் சுற்றவைக்கும், தலைவலி என்று புலம்புகிறவர்களும் உண்டு. உங்கள் யட்சிக்கு அங்கே வாடகை வீடு பார்த்துக் கொடுங்கள்.

கேள்வி: கடைசியில் அவள் மனுஷியாக மாறிவிடுவதாக முடிக்கலாமா?

அவளே கேட்டால் சரி. அவனோடு குடித்தனம் நடத்த வசதி என்பதற்காக மாற்றினால் அது மறுபடியும் ஆணிதான். அவள் இருப்பதுபோலவே இருக்கட்டும், அவன் சமாளிக்கட்டும். ஆதார் இல்லாத மனைவிக்கு வாடகை ஒப்பந்தம் போடுவது எப்படி, பத்து வருஷமாகியும் வயசு கூடாதவளைப் பற்றி எதிர்வீட்டு மாமியிடம் என்ன சொல்வது என்று இரண்டாம் பாகத்துக்கு வேண்டிய அளவு சரக்கு இருக்கிறது.