பல வருடமாக முதுகுவலி. டாக்டர் ஐந்து நிமிடத்தில் மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறார். அவரிடம் எப்படிப் பேசுவது?

நீங்கள் வாய் திறப்பதற்குள் பேனாவை எடுத்துவிடுகிற டாக்டர் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படி ஒருவர்தான் வாய்த்திருந்தார். ஆனால், சொன்னால் கோபம் வரலாம், பாதித் தப்பு என்னுடையது.

ஆறு வருடத்தில் நான் அவரிடம் சொன்னதெல்லாம் இவ்வளவுதான். "முதுகு வலிக்குது டாக்டர்." எவ்வளவு நாளா? "ரொம்ப நாளா." எப்படி இருக்கு? "தாங்க முடியல." இதை வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார்? மாத்திரை எழுதினார். நடுவில் ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். எல்4-எல்5 இடத்தில், அதாவது கீழ்முதுகில், டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது) பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. அன்றிலிருந்து அந்த ஃபிலிம் கவரைச் சொத்துப் பத்திரம் மாதிரி போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போனேன். யார் கேட்டாலும் "எனக்கு டிஸ்க் போயிடுச்சு" என்பேன்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா கவரைப் பிரிக்கவே இல்லை. "காலைல எழுந்ததுலேர்ந்து எதெல்லாம் செய்ய முடியல, அதைச் சொல்லுங்க" என்றார். எனக்குச் சட்டென்று ஒன்றும் வரவில்லை. அப்புறம் முகம் கழுவுவதைச் சொன்னேன். குனிந்தால் பிடித்துக்கொள்ளும் என்பதால் இடது கையை வாஷ்பேசினில் ஊன்றிக்கொண்டு ஒரு கையால் தண்ணீர் அள்ளி, வலது பக்கம் முதலில், இடது பக்கம் பிறகு என்று பாதி பாதியாகக் கழுவுவேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் எழுதிக்கொண்டார். ஆறு வருடத்தில் நான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொண்டது அன்றுதான்.

அதன் பிறகு கேள்விகள் சரசரவென்று வந்தன. வலி முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா? காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது? (இளவயதில் தொடங்கி, அரை மணிக்கு மேல் விறைத்திருந்து, நடமாடினால் இளகுகிற வலி என்றால் அது அழற்சியால் வரும் வேறு வியாதியாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு.) படுக்கவைத்துக் காலை நேராகத் தூக்கிப் பார்த்தார். குதிகாலால் நடக்கச் சொன்னார், நுனிக்காலால் நடக்கச் சொன்னார்.

"வலி மாத்திரை எப்பப்ப போடுறீங்க?"

"எப்பவாவது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி தொண்டையைச் செருமினாள். உண்மை என்னவென்றால், ஒரு வருடத்துக்கு மேல் தினமும் போட்டுக்கொண்டிருந்தேன், நானாகவே வாங்கி. டாக்டரம்மா திட்டவில்லை. இந்த வகை மாத்திரைகளை நீண்ட நாள் போட்டால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம் என்று சொல்லி ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். நல்லவேளை, ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

கடைசியில் ஃபிலிமையும் பார்த்தார். 1994-இல் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு டிஸ்க் பிதுங்கித்தான் இருந்ததாம். "படத்துல இருக்கிறதுதான் வலிக்குதுன்னு இல்லை" என்றார். எனக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று இன்றுவரை தெரியவில்லை.

"அப்போ எங்க வலியெல்லாம் பொய்யா" என்று கிளம்பி வராதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. நான் டாக்டரும் இல்லை. ஸ்கேனும் ஆபரேஷனும் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, கால் வலுவிழப்பது என்றால் அன்றைக்கே ஓடுங்கள். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்தது என்றால் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

எனக்கு எழுதிக்கொடுத்தது பெரும்பாலும் உடற்பயிற்சியும் நடையும்தான். கூடவே ஒரே இடத்தில் நீண்ட நேரம் உட்காரக் கூடாது, நாற்காலியை மாற்றுங்கள் என்று அலுவலகத்துக்கு ஒரு கடிதம். கடிதத்தைக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து நாற்காலி வந்தது, மேலாளருக்கு! அவருக்கு முதுகில் ஒரு குறையும் கிடையாது. பாதி நேரம் அதில் அவருடைய பைதான் உட்கார்ந்திருக்கிறது. நான் கேட்டால் "பட்ஜெட்" என்கிறார்கள். சரி, இதை விடுங்கள்.

போவதற்கு முன் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வலியால் செய்ய முடியாமல் போன இரண்டு மூன்று காரியங்கள். போடுகிற மாத்திரை, தடவுகிற தைலம் எல்லாம், வெட்கப்படாமல். மனதில் இருக்கிற பயத்தை உட்கார்ந்தவுடனே கேளுங்கள். எனக்கு "ஆபரேஷன் பண்ணணுமா" என்பதுதான் பயம். அதை ஆறு வருடமும் கதவில் கை வைத்துக்கொண்டு, கிளம்பும்போதுதான் கேட்டிருக்கிறேன். அதற்குள் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்.

வலி முழுதாகப் போகவில்லை. மாத்திரை மாதத்துக்கு இரண்டு மூன்று என்று குறைந்திருக்கிறது, பெரும்பாலான நாட்கள் இரண்டு கையாலும் முகம் கழுவுகிறேன். அடுத்த முறை போகும்போது அந்த நாற்காலிக்கு இன்னொரு கடிதம் கேட்க வேண்டும்.