வரவேற்பில் சாராயம் வைக்கலாமா?

கேள்வி: மகளின் கல்யாணம் வருகிறது, ஐயா. நாங்கள் மெதடிஸ்ட், மாப்பிள்ளை வீட்டார் பாலையூற்றுக் கத்தோலிக்கர். வரவேற்பு உப்புவெளியில் ஒரு ஹோட்டலில். "கானாவூர்க் கல்யாணத்தில ஆண்டவரே குடுத்தவர்தானே, சாராயம் இல்லாமல் என்ன கல்யாணம்?" என்கிறார் மாப்பிள்ளையின் சித்தப்பா. என் தம்பி குடியை விட்டு இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. என்ன செய்வது?
– உவர்மலையிலிருந்து ஒரு தகப்பன்

பதில்: சித்தப்பா சொல்வதில் பாதி சரி. கானாவூர்க் கல்யாணத்தில் இயேசு தண்ணீரை மாற்றிக் கொடுத்தது வெறும் பழச்சாறு என்று சாதிக்க நான் வரமாட்டேன். திராட்சரசம் மனுஷனுடைய இருதயத்தை மகிழ்ச்சியாக்கும் என்று 104ஆம் சங்கீதமே பாடுகிறது. எபேசியர் 5:18 கண்டிப்பது வெறிகொள்வதை.

ஆனால் கானாவில் இருந்தது புளித்த ரசம், சாராயம் வடித்தெடுத்தது. தானாகப் புளித்ததில் மதுசாரம் 15 வீதத்தைத் தாண்டுவது அரிது. நம் கடைச் சாராயத்தில் 33 வீதமளவில் இருக்கிறது. 180 மில்லிலீற்றர் காற்போத்தலுக்குள் ஏறக்குறைய 60 மில்லிலீற்றர் சுத்த மதுசாரம். 12 வீத வைனில் அதே அளவு உள்ளே போக அரை லீற்றர் குடிக்கவேண்டும். மேசையில் இருந்து சாப்பிட்டபடி அரை லீற்றர் வைனை முடிக்க நேரமெடுக்கும். காற்போத்தலையோ வாகனத்துக்குப் பின்னால் நின்று, பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றி, ஒரு பிடி கடலையோடு பத்து நிமிஷத்தில் முடிக்கிறவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். அதை ஈரல் கரைத்து முடிக்க ஐந்தாறு மணித்தியாலம் பிடிக்கும். ஆள் அதற்குள் மோட்டார் சைக்கிளில் நிலாவெளி வீதியில் போய்க்கொண்டிருப்பார். குடிவெறியில் வாகனம் ஓட்டி மற்றவர் உயிருக்கு ஆபத்து வருவிப்பது பாரதூரமான குற்றம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே 2290ஆம் பத்தியில் சொல்கிறது. சித்தப்பாவுக்குக் காட்டவேண்டிய பத்தி.

உங்கள் பக்கம் இன்னும் இறுக்கம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1743இல் வகுத்த பொதுவிதிகள் வடித்த மதுவை வாங்குவது, விற்பது, குடிப்பது மூன்றையும், மிக அவசியமான நேரம் தவிர, விலக்கின.

இவ்வளவும் சொன்னாலும், வேறொரு வீடு கேட்டிருந்தால் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் வைனுக்கு நான் மறுப்புச் சொல்லியிருக்க மாட்டேன். உங்கள் வீட்டில் உங்கள் தம்பி இருக்கிறார். பொம்பிளையின் சித்தப்பா என்று மேசைமேசையாகப் போய் உபசரிக்கவேண்டியவர் அவர். ஒவ்வொரு மேசையிலும் யாராவது கையைப் பிடித்து "இண்டைக்கு ஒண்டு மட்டும்" என்பார்கள். சகோதரன் இடறுவதற்கு ஏதுவானால் மதுபானம் பண்ணாமலிருப்பதே நல்லது என்கிறது ரோமர் 14:21. எனவே சாராயமும் வேண்டாம், இந்த முறை வைனும் வேண்டாம். "உனக்குப் பரவாயில்லையா?" என்று தம்பியிடம் கேட்கவும் வேண்டாம், வெட்கத்துக்குப் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார். அவர் பேரைக் காரணமாக வெளியில் சொல்லவும் கூடாது. "எங்கட வீட்டு முறை" என்றால் போதும்.

வெளிப் போத்தல் உள்ளே வரக்கூடாது என்று ஹோட்டலில் முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். கேக் வெட்டியதும் வாழ்த்துக்குத் திராட்சைச் சாறு. சாப்பாட்டை இழுத்தடிக்காமல் எட்டு மணிக்கே பரிமாறச் சொல்லுங்கள். பசியோடு காத்திருக்கிற நேரத்தில்தான் ஆம்பிளைகள் வெளியே நழுவுகிறார்கள். சித்தப்பாவிடம் நீங்கள் நேரே போகாதீர்கள், சம்பந்தி வீட்டுக் கதை வேறு வடிவம் எடுத்துவிடும். மாப்பிள்ளை சொல்லட்டும், அதுவும் அழைப்பிதழ் கொடுக்கத் தொடங்குவதற்கு முன்பே.